மெய்லின் வீட்டுக்குச் சிவப்புச் சட்டை

என் அன்பு சிக்கந்தர் மாமா,

புத்தகம் வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகச் சொல்கிறேன். நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்சலைப் பிரித்த கையோடு டவுன் பஸ் ஏறி இராஜபாளையம் போய், உன் வீட்டில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போதுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்கிறது மாமா.

நீ போன பிறகு நடந்த கூத்து உனக்குத் தெரியாது. நம் கதை உனக்கு நினைவிருக்கும்: சீனப் புத்தாண்டு அன்று வீட்டைப் பெருக்கினால் அதிர்ஷ்டமும் சேர்ந்து போய்விடும் என்று துடைப்பத்தை ஒளித்துவைக்கிறாள் சிறுமி மெய்லின். கதையை நான் எழுதினேன், நீ வரைந்தாய். விளக்கு, வாசலில் ஒட்டும் சிவப்புத் தாள், நம் கொழுக்கட்டை மாதிரி அவர்கள் பிடிக்கும் பலகாரம் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சரிபார்த்தோம். ஒரு குறையும் இல்லை என்றுதான் இருவரும் நம்பினோம்.

பதிப்பகம் அதைச் சென்னையில் சீன மொழி சொல்லித்தரும் ஒரு சீன ஆசிரியையிடம் காட்டியது. எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "இந்த வீட்டில் யார் இறந்துபோனார்கள்?"

மெய்லின் குடும்பம் முழுவதற்கும் பளிச்சென்று வெள்ளை உடுத்திவிட்டிருந்தாய் மாமா. பெருநாள் தொழுகைக்கு நீ உடுத்திக்கொண்டு கிளம்புவாயே, அதே வெள்ளை. அங்கே அது துக்க வீட்டு உடையாம். நல்ல நாளுக்குச் சிவப்புதானாம். நீ பெருநாளை நினைத்து வரைந்தாய், சரி. எனக்குப் புத்தி எங்கே போயிற்று? கணவனை இழந்தவர்கள் வெள்ளைச் சேலையில் முடங்கிக் கிடந்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் நாற்பது வருஷம் உன் வீட்டுப் பெருநாள் பிரியாணி சாப்பிட்டதில், எனக்கும் வெள்ளை என்றால் பண்டிகை என்று ஆகிவிட்டது.

பதிப்பகத்தில் கம்ப்யூட்டரில் சிவப்பு ஏற்றிப் பார்த்தார்கள். எல்லாரும் மழைக்கோட்டு போட்டது மாதிரி இருந்தது. "வேற ஓவியரை வச்சு முழுசா வரைஞ்சிரலாம் சார்" என்றார்கள். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நம்மூர் பேண்டேஜ் கம்பெனிப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்தே காலத்தை ஓட்டிய நீ, ஆசைப்பட்டு வரைந்த ஒரே புத்தகம் அது. அதிலும் உன் படம் இல்லையென்றால் அது வந்துதான் என்ன பிரயோசனம்?

அக்காவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அக்கா என்றால் வேறு யார், உன் வீட்டுக்காரி பாத்திமுத்துதான். பீரோவிலிருந்து உன் படங்களை எடுத்து விரித்து, அந்த வெள்ளைச் சட்டைகளை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"தம்பி, இதுல பெயிண்டே இல்லியே. அவிய வெள்ளை வாங்கவே மாட்டாவ. வெள்ளை வேணும்னா தாளை அப்படியே விட்டுருவாவ."

"அப்படின்னா?"

"எதையும் அழிக்க வேண்டாம்ங்கேன். மேல சிவப்பைப் போட்டா முடிஞ்சுது."

"யாருக்கா போடுறது?"

"அம்புட்டு லேபிளுக்கும் பின்னால கலர் அடிச்சது யாருன்னு நெனைச்சிய? நாந்தான்."

இதை ஒரு நாளாவது என்னிடம் சொன்னாயா மாமா?

மூன்று நாள் துண்டுத் தாளில் பழகிப் பார்த்தாள். பிறகு உன் பெட்டியில் மிச்சமிருந்த சிவப்பைக் கரைத்து ஒவ்வொரு பக்கமாகத் தீட்டினாள். சட்டைக்கு நீ பென்சிலில் இட்டிருந்த மடிப்புகள் எல்லாம் சிவப்புக்கு அடியில் அப்படியே தெரிந்தன. நான் பக்கத்தில் மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தேன். கடைசிப் படத்தில் மட்டும் மெய்லினின் சட்டை ஓரத்தில் சிவப்பு உன் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்துவிட்டது. "அவிய இருந்தா ஏசுவாவ" என்று சொல்லி அழுதாள். ஏசியிருப்பாயா?

சீன ஆசிரியை பார்த்துவிட்டு, இப்போதுதான் புத்தாண்டு வீடு மாதிரி இருக்கிறது என்றாராம். அதைக் கேட்ட அன்று நான் நன்றாகத் தூங்கினேன். ஓவியம் என்று போட்டிருக்கும் இடத்தில் உங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. தன் பெயர் வேண்டவே வேண்டாம் என்ற அக்கா, நேற்று அந்த எழுத்தை நாலு தடவை தொட்டுப் பார்த்தாள்.

வழிந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாமா என்று பதிப்பகம் கேட்டது. கூடாது என்றுவிட்டேன். இந்தப் புத்தகம் எத்தனை முறை அச்சானாலும் உன் கோட்டிலும் யாரையும் கை வைக்க விடமாட்டேன், அதைத் தாண்டிப்போன அக்காவின் சிவப்பிலும் கை வைக்க விடமாட்டேன். இது சத்தியம் மாமா.

இப்படிக்கு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாளிலிருந்து
உன் மாப்பிள்ளை,
ரெங்கன்