மரத்துப்போன விரல்கள்

என் செல்வி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாசமாச்சு. போன வாரம் லேப்பில் நுண்ணோக்கி வழியே புற்று அணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஏற்றிய அதே மருந்தைத்தான் அவற்றின்மேல் விட்டிருந்தோம். பாதி செத்துக் கிடந்தன. மீதி, ஒன்றுமே நடக்காததுபோல இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டினவள் நீ. மார்புக் கட்டியை அறுத்தெடுத்த பிறகு, மருந்து ஏற்ற நான் படிக்கிற சென்னைக்கு வந்தாய். "உள்ள போயி என்னதான்டி பண்ணும் இது?" என்று கேட்டாய்.

"ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் புரதத்தால ஆன குழல் இருக்குதுக்கா, வூடு கட்டப் போடுற சாரம் மாதிரி. அணு ரெண்டாவணும்னா அதைப் பிரிச்சுக் கட்டணும். இந்த மருந்து பிரிக்க வுடாது. புற்று அப்படியே நின்னு செத்துப்போவும்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! நரம்புக்குள்ளும் அதே குழல்கள்தான் என்பதைச் சொல்லவில்லை.

மூன்றாவது முறைக்குப் பிறகு உன் விரல்கள் மரத்துப்போயின. ஈரமண் கையில் இருக்கிறதா என்றே தெரியாமல் கைப்பிடிகளை நசுக்கினாய். வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாய்.

"போதும்டி மலரு. இருக்கிற நாளைக்கு என் கை எனக்கு வேணும். புள்ளைக்குத் தலை பின்னக்கூட முடியல."

"இன்னும் மூணு தடவதான்க்கா. படிச்சவ சொல்றேன்ல?"

நீ வாதாடவில்லை. பஸ் ஏறி வந்தாய். ஆறும் முடிந்து ஸ்கேன் எடுத்தபோது கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தது. சில புற்றுகள் தங்கள் குழல்களையே மாற்றிக்கொண்டு மருந்துக்குத் தப்பிவிடும். அதையும் நான் முன்பே படித்திருந்தேன். ஏன் சொல்லவில்லை? பயமா? உன்னைப் பிழைக்கவைத்தே தீருவேன் என்ற திமிரா?

கடைசி நாளில் கண்ணை மூடியபடி, "யாராச்சும் என் கையைப் புடிங்களேன்" என்றாய். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், அக்கா.

லேப்புக்குத் தினமும் போகிறேன். புது மருந்து எதுவும் கைகூடவில்லை. கைகூடினாலும் உனக்கென்ன? உன் மகள் பேசுவது குறைந்துவிட்டது. மாமாதான் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறார். "சித்தி, அம்மா ஏன் மருந்து வேணாம்னு சொன்னாங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

அவள் கொஞ்சம் வளரட்டும். நீ நிறுத்தச் சொன்னதையும் நான் விடாததையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லுவேன். அதன்பிறகு அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாவிட்டாலும் சரி.

உன் பேச்சைக் கேட்காத தங்கச்சி,
மலர்