பல்லக்கேறிய முட்டைகள்

நலம் பெருகுக. அலைவாய் நாட்டின் ஏழு துறைகளுக்கும் முப்பது உப்பங்கழிகளுக்கும் உரியவரும், ஆமைக்கொடி உயர்த்தவரும், அடிபணிந்தோர்க்கு நிழலும் பகைத்தோர்க்குப் புயலும் ஆனவருமாகிய மன்னர் பெருமான் இளஞ்சங்கனார் திருவடிகளுக்கு, கடற்கரைக் காவல் அமைச்சனும், தேவரீர் திருக்கையால் ‘ஆமைபுரந்தான்’ என்னும் பட்டமும் முத்திரையும் பெற்றவனுமாகிய வெளியன் பூதன் தலைதாழ்த்தி விடுக்கும் விண்ணப்ப ஓலை. அரண்மனையில் தேவியாரும் இளவரசரும் நலமே வாழ்க. துறைகளில் மீனும் களங்களில் நெல்லும் குறையாது நிறைக. எழுத்துகள் கோணியிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

வரும் முழுநிலவு நாளில் கரைக்காவலன் நக்கன் யானைக்காலில் இடறப்படுவான் எனத் தீர்ப்பாயிற்று. அதற்கு இன்னும் ஐந்து நாளே உள்ளது. இருபத்துநான்கு கூடுகளின் ஆமைமுட்டைகளைத் திருடினான் என்பதும், அந்தப் பாவத்தால் அரண்மனை மணற்குழியில் வைத்த முட்டைகள் எல்லாம் கெட்டன என்பதும் அவன்மேல் சாற்றிய குற்றம். அந்த இருபத்துநான்கு கூடுகளை மறைத்தவன் அடியேன். இதை எவரிடமும் சொல்லேன் என அடியேனுக்குக் கொடுத்த வாக்குக்காக நக்கன் வாய் திறவாமல் இருக்கிறான்.

நிகழ்ந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஏழாண்டுக்கு முன், நரியும் நாயும் ஆமைக் கூடுகளைத் தோண்டித் தின்கின்றன எனத் தேவரீர் வருந்தியபோது, முட்டைகளை அரண்மனைக்குக் கொண்டுவந்து மணற்குழியில் காக்கலாம் என்றவன் அடியேனே. குலச்சின்னமாகிய ஆமையின் முட்டையை வெறுங்கூடையில் சுமப்பது தகாது, ஆதலால் இட்ட மூன்றாம் நாள், கணியர் குறித்த நல்வேளையில், முரசும் சங்கும் முழங்கப் பல்லக்கில் ஏற்றிவரலாம் என்றவனும் அடியேனே. அன்று நக்கன் அடியேனைத் தனியே கண்டு, எடுப்பதாயின் இட்ட அன்றே, பொழுது விடியுமுன், மேற்புறம் மேலாகவே இருக்கும்படி எடுக்க வேண்டும் என்றும், நாள் கடந்து குலுக்கினால் உள்ளே கரு செத்துவிடும் எனத் தன் குலத்தார் சொல்வர் என்றும் பணிந்து கூறினான். வலை வீசுகிறவன் அமைச்சனுக்குப் பாடம் சொல்வதா என அதட்டி அனுப்பினேன்.

அதன்பின் ஆண்டுதோறும் அவையில் அடியேன் படித்த தொகையைத் தேவரீர் அறிவீர். நாலாயிரம் என்றேன், மறு ஆண்டு ஐயாயிரம் என்றேன், அவை ஆர்ப்பரித்தது, பட்டமும் கிடைத்தது. அந்த எண்கள் அனைத்தும் பல்லக்கில் ஏறிய முட்டைகளின் தொகை. குஞ்சுகள் இருளில் தாமே குழியிலிருந்து வெட்டிய வாய்க்கால்வழி கடலுக்குப் போய்விடும் என்று நம்பி, கடலில் இறங்கியவற்றை நாங்கள் ஒருவரும் எண்ணவே இல்லை. சென்ற ஆண்டு தற்செயலாய் மணற்குழியின் ஓரத்தைக் கிளறினேன். அன்று எழுந்த நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

அதனால் இவ்வாண்டு தென்கரையில் இருபத்துநான்கு கூடுகளைப் பல்லக்குக்குக் காட்டாமல் வைத்தேன். எதை எவ்வாறு காப்பது என்பதை அடியேன் விருப்பத்துக்கு விட்டால், நல்ல கூட்டை வேண்டிய பக்கம் சாய்த்துவிடுவேன். ஆகவே ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதுபோல் ஓலைச்சீட்டு எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்தோம். எட்டுக் கூடுகள் இட்ட இடத்திலேயே முள்வேலிக்குள் இருந்தன. எட்டுக் கூடுகளின் முட்டைகளை அன்றே, விடியுமுன், புரளாமல் எடுத்துக் கரையில் வேறிடத்தில் புதைத்தோம். எஞ்சிய எட்டையும் மூன்றாம் நாள் எடுத்து, பல்லக்கு எவ்வளவு ஆடுமோ அவ்வளவு ஆட்டிப் புதைத்தோம். மூவகைக்கும் காவல் நக்கனே. பொரித்தபின் ஓடுகளை எண்ணியவள் உப்பளத்துக் கொற்றி; எந்தக் கூடு எவ்வகை என்று அவளுக்குச் சொல்லவில்லை.

இட்ட இடத்திலேயே இருந்தவற்றில் நூற்றுக்கு எழுபது பொரித்தன. நரி தின்ற ஒரு கூட்டையும் மறையாமல் சேர்த்தே சொல்கிறேன். அன்றே எடுத்தவற்றில் எழுபத்துநான்கு. மூன்றாம் நாள் எடுத்தவற்றில் நான்கு. கொற்றியை மறுபடியும் எண்ணச் சொன்னேன், அப்போதும் நான்கே. முன்னிரண்டில் எது மேல் என இவ்வளவு சிறு தொகையைக் கொண்டு சொல்லத் துணியேன். மூன்றாவது கேடு என்பதில் ஐயமில்லை. நக்கன் கையில் பாவம் இருந்திருப்பின் மூன்றுமே கெட்டிருக்க வேண்டும்.

இம்முடிவு தெரிவதற்கு ஐந்து நாள் முன்னரே, இளவரசர் பெயர்சூட்டு விழாவுக்கென மணற்குழியைத் திறந்து, பதினேழு குஞ்சுகளே கண்டு தேவரீர் சினந்ததும், தென்கரையில் இருபத்துநான்கு கூடுகள் குறைவதைக் காட்டிக் கணியர் பழியை நக்கன்மேல் வைத்ததும், அவனைக் கட்டிக்கொண்டு போனதும் நடந்துவிட்டன. முடிவு கையில் இருந்தும் நான்கு நாள் வாய்மூடிக் கிடந்தேன். அச்சம் தவிர வேறு காரணம் இல்லை. ஓடிவிட எண்ணி இருமுறை படகுத்துறை வரை போய்த் திரும்பினேன். இன்று காலை சிறையில் நக்கனைக் கண்டேன். தென்கரையில் பிந்தி வந்த ஆமைகள் முட்டையிட்டனவா என்றும், அவற்றை எவரேனும் பல்லக்கில் ஏற்றிவிட்டனரா என்றும் மட்டும் கேட்டான். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

அடியேன் சொல்லை நம்ப வேண்டா. இவ்வோலையோடு அந்தக் குடமும் சீட்டுகளும் வருகின்றன. இனி இடும் கூடுகளுக்குத் தேவரீர் திருக்கையாலேயே சீட்டெடுத்து, பழி சொன்ன கணியரையே எண்ணச் செய்க. பொரிக்க ஐம்பது நாள் ஆகும். முழுநிலவுக்கு ஐந்து நாளே உள்ளது. கருவை விரைந்து வளரச் சொல்ல எவராலும் இயலாது. யானையை நிறுத்தத் தேவரீரால் இயலும்.

அடியேன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஏழு துறைகளுக்கும் இன்றே ஆணை போயிற்று. பல்லக்கு இறங்குக, முரசு ஓய்க, மூன்றாம் நாள் முட்டையை எவரும் தொடற்க. ‘ஆமைபுரந்தான்’ முத்திரை கடைசியாய் இடப்பட்டது இவ்வாணையில்தான். முத்திரையும் உடன் வருகிறது. அடியேன் கோட்டைப் புறவாயிலில் நிற்கிறேன். மறுபடியும் படகுத்துறைக்குப் போய்விடுவேனோ என்று பயந்து, காவலரிடம் கேட்டுக் காலுக்கு விலங்கு பூட்டிக்கொண்டேன்.

கூடுகளுக்குச் சீட்டு எடுத்தருள்க. தண்டனைக்குச் சீட்டு வேண்டா. அது ஒரு பெயருக்கே உரியது.

இவை வெளியன் பூதன் எழுத்து.