பெயர் மாற்றிய செல்கள்

3 ஜூன் 2024, கராச்சர்மா, அந்தமான்

மழை விடவில்லை. காலையில் இரண்டு முறை கரண்ட் போனது. இன்வெர்ட்டர் தாங்கியதால் பெங்களூர் சர்வரோடு இணைப்பு அறுபடவில்லை. என் வீட்டுக்காரர் சுஹைப் மச்சானைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். உடனே திருநாவுக்கரசு சார் போன்.

புது ப்ராஜெக்ட். ஒரு சென்சார் சிப். மாதக் கடைசிக்குள் லேஅவுட் முழுக்க வரைந்து முடித்தாக வேண்டுமாம்.

"இவ்வளவு சீக்கிரம் எப்படி சார்?"

"புதுசா எதுக்கு வரையணும்? பழைய க்ளையன்ட்டுக்குப் போட்ட லைப்ரரி நம்ம சர்வர்லயே இருக்கே. அதுலேர்ந்து வேணுங்கற செல்லை எல்லாம் காப்பி பண்ணுங்க. பேரை மாத்திடுங்க."

கடைக்குப் போய் பால் வாங்கி வா என்பதுபோலச் சொன்னார். நானும் "சரி சார்" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த லைப்ரரி, நாங்கள் வரைந்து கொடுத்த செல்களின் தொகுப்பு, அவர்களுடையது. வேலை முடிந்ததும் நம் பக்கம் எதுவும் இருக்கக்கூடாது என்பதுதானே பேச்சு? அழிக்கவே இல்லையா?

4 ஜூன்

சாரிடம் கேட்டுவிட்டேன்.

"வரைஞ்சது யாரு ரஷீதா? நீங்க, அலமு, ப்ரியங்கா. நம்ம கை தானே? நம்ம மூளை தானே?"

"இருந்தாலும் சார், அவங்களுக்காக..."

"ஒங்களுக்காக நான் எவ்வளவு பேர்கிட்ட பேசியிருக்கேன்னு தெரியும்ல?"

தெரியும். தன் மாமா கடை கோடவுனில் கூரை ஷீட் மாற்ற ஏறிய மச்சான் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனபோது, எல்லாரையும் ஆபீசுக்குத் திரும்பி வரச் சொன்ன அதே மாதம், என்னை மட்டும் அந்தமானிலேயே இருந்து வேலை பாருங்கள் என்றவர் இவர். அதற்கு மேல் என்ன பேச?

6 ஜூன்

மச்சானுக்குக் கஞ்சி கொடுக்கும்போது, "அப்புடி என்னாத்தத்தான் பேரு மாத்துற நாளெல்லாம்?" என்றார்.

எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "ஒரு ஜன்னல் வரைஞ்சு வெக்கிறோம்னு வெச்சுக்கங்க. அதத்தான் செல்லுன்னு சொல்றது. வீட்டுப் படத்துல ஜன்னல திரும்ப வரைய மாட்டோம். இந்த எடத்துல அந்த ஜன்னலு வரணும்னு மட்டும் சொல்லி வைப்போம். ஆயிரம் வீட்டுக்கும் அதே ஜன்னலு. அசல்ல ஒரு கம்பிய நவுத்துனா ஆயிரம் வீட்டுலயும் நவுந்துரும்."

"வீட்டுக்குள்ள ஜன்னலு, ஜன்னலுக்குள்ள கம்பி. எல்லாம் தனித்தனி செல்லா?"

"ஆமா மச்சான்."

"அப்ப ஜன்னலு யாரோடது?"

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

11 ஜூன்

பாதி முடிந்தது. ஒவ்வொரு செல்லாகத் திறக்கிறேன். காப்பி, புதுப் பெயர், சேமி. பெரிய செல்லைக் காப்பி எடுத்தால் மட்டும் போதாது. அதற்குள்ளே இருக்கும் சின்னச் செல்கள் பழைய லைப்ரரியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். உள்ளே உள்ளே போய் எல்லாவற்றையும் புது லைப்ரரிக்குத் திருப்பிவிட வேண்டும்.

பல செல்கள் அலமு வரைந்தவை. பெயர் பார்க்காமலே தெரிகிறது. கம்பிகளை அவள் இழுத்திருக்கும் விதம் அப்படி; ஒரு வளைவு அதிகம் இருக்காது. அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. போன வருஷம் வேலையை விட்டுப் போனாள். இப்போது, பல கம்பெனிகளின் லேஅவுட்டை ஃபேக்டரிக்குப் போகும் முன் சரிபார்த்துக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறாள்.

அவள் பெயர் இருந்த இடங்களில் எல்லாம் இப்போது என் பெயர். காப்பி எடுத்தவர் பெயரைத்தானே ப்ரோகிராம் போட்டுக்கொள்ளும்.

17 ஜூன்

பக்ரீத். சேக் தாவூத் மாமா கறி கொண்டுவந்தார். மச்சானின் தாய்மாமன். அவர் கடையில்தான் மச்சான் விழுந்தார். அதிலிருந்து இந்த வீட்டில் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில்தான்.

"மருமவனே, கடைல ஒன்னைய எல்லாரும் பூச்சுறாங்கடா, எப்புடி இருக்கான்னு. பெங்காலி தாதாகூட, சுஹைப் பாய் கைசா ஹைன்னு."

மச்சான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

28 ஜூன்

அனுப்பியாயிற்று. சார் குழுவில் கைத்தட்டல் படம் போட்டார். ப்ரியங்கா தனியாக, "அக்கா, நீங்க இல்லன்னா முடிஞ்சிருக்காது" என்று எழுதியிருந்தாள். பெங்களூரில் இந்த ப்ராஜெக்ட்டில் என்னோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

19 ஜூலை

அலமு கூப்பிட்டாள். சந்தோஷமாக எடுத்தேன் — அல்லாஹ், எவ்வளவு சந்தோஷமாக எடுத்தேன்.

"ரஷீ, ஒங்க டிசைன் எங்ககிட்டதான் செக்கிங்குக்கு வந்திருக்கு. திறக்கவே மாட்டேங்குது. ஒரு செல்லைக் காணோம்னு எர்ரர். எந்த லைப்ரரில தேடுதுன்னு பாத்தேன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பழைய க்ளையன்ட் லைப்ரரி பேரு நிக்குதுடி. அப்புறம் ஒவ்வொண்ணா திறந்தேன். அது நான் வரைஞ்சது. எல்லாம் நான் வரைஞ்சது. மேல ஒன் பேரு இருக்கு."

எங்கோ அடியில் ஒன்றே ஒன்றைத் திருப்பாமல் விட்டிருக்கிறேன். எங்கள் சர்வரில் இரண்டு லைப்ரரியும் இருந்ததால் பிழை காட்டவில்லை. மனசு கேட்காமல் வேண்டுமென்றே விட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. கண் தப்பிவிட்டது, அவ்வளவுதான்.

"நான் இத மேல சொல்லித்தான் ஆகணும். சொல்லாம விட்டா என் வேலை போயிடும். ஆனா ஒன் பேருதான்டி எல்லா எடத்துலயும் இருக்கு. அந்தாளு திருநாவுக்கரசு பேரு ஒரு எடத்துலகூட இல்ல. யாரு சொல்லிப் பண்ணே? சொல்லு."

"நாளைக்குப் பேசுறேன் அலமு" என்று வைத்துவிட்டேன்.

20 ஜூலை

அதற்குள் சாருக்குச் செய்தி போய்விட்டது. குரல் இனித்தது.

"பாருங்க ரஷீதா, ஒரே ஒரு மெயில். அவசரத்துல நீங்களாவே எடுத்துட்டீங்க, கம்பெனிக்குத் தெரியாதுன்னு. நான் ஒங்களைக் கொஞ்ச நாள் நிறுத்தி வெக்கற மாதிரி வெப்பேன். சூடு ஆறினதும் திரும்ப எடுத்துக்கறேன். ஒங்க வீட்டுக்காரர் நிலைமை எனக்குத் தெரியாதா?"

மச்சானிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எழுதிக் குடுத்துரு."

"நான் திருடின்னு நானே எழுதிக் குடுக்கவா?"

"பின்ன? நீதானே எடுத்த? அவரு சொன்னாரு, நீ எடுத்த. கை ஒன் கைதானே? இந்த வூடு ஒன் வேலையிலதான் ஓடுது. நான் எழுந்து போய் சம்பாதிக்கப் போறேனா?"

"மச்சான், அப்புடிப் பேசாதீங்க."

"போ. எழுதிட்டு வா."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு பாபி, "க்யா ஹுவா ரஷீதா?" என்று கேட்டாள். குச் நஹி பாபி. ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல. எடுத்தது நான்தான், அதுல பொய் இல்ல. ஆனா நானாவே எடுத்தேனா? என் புத்தியிலயா? அத எப்புடி எழுதுவேன்? அத எழுதுனா இனி என் பேருல நான் வரைஞ்சது எதுவுமே என்னோடது இல்லன்னு ஆயிருமே.

22 ஜூலை

அலமுவைக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். சார் சொன்னது, நான் கேட்டது, அவர் பதில், மாதக் கடைசி அவசரம். "தெரிஞ்சுதான் பண்ணேன்" என்பதையும். ப்ரியங்கா பெயரைச் சொல்லவில்லை.

அவள் அழுதாள். நான் அழவில்லை.

23 ஜூலை

காலையில் லாகின் வேலை செய்யவில்லை.

8 ஆகஸ்ட்

பழைய க்ளையன்ட்டின் ஆட்களோடு வீடியோவில் பேச்சு. இரண்டு வக்கீல், ஒரு பெரிய அதிகாரி. முகத்தில் கோபம்கூட இல்லை. எந்த செல்லை எப்போது காப்பி எடுத்தாய், எதை எதற்குள் வைத்தாய் என்று வரிசையாகக் கேட்டார்கள். நினைவில் இருந்ததைச் சொன்னேன்.

கடைசியில் ஒரு வக்கீல், "நீங்கள் மறுத்திருக்கலாமே?" என்றார்.

"மறுத்திருக்கலாம்" என்றேன்.

என் மேல் வழக்கு போட மாட்டார்களாம். ஆனால் அறிக்கையில் என் பெயர் இருக்கும். நன்றி சொல்லித் திரையை அணைத்தார்கள்.

2 செப்டம்பர்

மச்சான் என்னைத் தொட விடுவதில்லை. திருப்பிவிடப் போனால், "வுடு" என்கிறார். சேக் தாவூத் மாமா வீட்டு மாமி வந்தால்தான் விடுகிறார். மாமியால் எத்தனை தடவை வர முடியும்?

19 செப்டம்பர்

முதுகுக்குக் கீழே புண். நான்தான் பார்த்தேன், மாமி துணி மாற்றும்போது. உள்ளங்கை அளவு, நடுவில் கறுப்பு. அவருக்கு வலிக்கவே இல்லை. அதுதான் கொடுமை. மாமா வண்டி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டினார், என்னை. "வீட்டில் இருந்துகொண்டே இப்படி விட்டீர்களா?"

மச்சான் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

27 செப்டம்பர்

கறுத்த சதையை வெட்டி எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. வராந்தாவில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்காவ ஏறுனாம்மா அவன். எறங்குடா, ஆளு வெச்சுக்கலாம்னு சொல்லிருக்கணும்" என்றார். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சொல்கிறார். தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினேன்.

5 அக்டோபர்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது திருப்பிவிட்டால் தடுப்பதில்லை. பேசுவதும் இல்லை.

21 அக்டோபர்

ப்ரியங்கா போன். அந்தப் பழைய க்ளையன்ட் பெரிய நஷ்டஈடு கேட்டதில் கம்பெனி மூடிவிட்டதாம். எங்கள் குழு முழுக்க வெளியே.

"உங்களுக்கு அங்க வீடு இருக்கு, உறவு இருக்கு. நான் தங்கச்சியப் படிக்க வெக்கறேன் அக்கா. ஒரு மெயில் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். ஒருத்தரோட போயிருக்கும்."

அந்த ஒருத்தர் நான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அவளை நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன? நான் சொல்லாமல் விட்டதும் அவள் வேலையைக் காப்பாற்றவில்லையே.

"மன்னிச்சுக்கோ" என்றேன். வைத்துவிட்டாள்.

14 நவம்பர்

மூன்றாவது இன்டர்வியூவும் போயிற்று. வேலையைப் பற்றிக் கேட்டவரை நன்றாகத்தான் பேசினேன். அடுத்த நாள் போனில், "உங்க பழைய கம்பெனி விஷயம்..." என்று இழுத்தார்கள். பரவாயில்லை என்றேன். பரவாயில்லையா? என்னத்த பரவாயில்ல?

9 டிசம்பர்

பெரார்கஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், கான்ட்ராக்டில். மாமாவின் கூட்டாளி ஒருவர் சொல்லி வைத்தார். பகலில் மாமி மச்சானோடு இருப்பார். வேலைக்குச் சேரப்போகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். "ம்" என்றார்.

சிப் வரைந்தவள் பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். அவர் அப்படி நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

16 ஜனவரி 2025

வயல் ஓரமாகப் பள்ளிக்கூடம். ஆறு கம்ப்யூட்டரில் நாலு ஓடுகிறது. திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன். அலமு ஒரு தடவை மெசேஜ் போட்டாள், எப்படி இருக்கிறாய் என்று. இன்னும் பதில் போடவில்லை. அவள் மேல் கோபம் இல்லை.

11 பிப்ரவரி

இன்று போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும் மச்சான் கூப்பிட்டார். தலையணைப் பக்கத்தில் என் போன்.

"ஒன் சார் பேசுனாரு."

"எந்த சாரு?"

"அந்தாளுதான். புதுசா வேற பேருல கம்பெனி ஆரம்பிச்சுட்டாராம். பழசெல்லாம் மனசுல வெச்சுக்க வேணாம்னாரு. ஒன்னைய மாதிரி செல்லு லைப்ரரிய கட்டிக் காப்பாத்த ஆளு இல்லையாம். வூட்டுலேர்ந்தே பாக்கலாமாம்."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வேறு பேரில் கம்பெனி. அவருக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. எனக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

"நீங்க என்னா சொன்னீங்க?"

மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ வேலைக்குப் போயிருக்கான்னேன். அதுக்கும் மேல பேசிக்கிட்டே இருந்தாரு. கட் பண்ணிட்டேன்."

அப்புறம் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன். புண் காய்ந்து வருகிறது, ஓரத்தில் மட்டும் சிவப்பு. சோறு பிசைந்து கொடுத்தேன். மீன் குழம்பில் உப்பு கூடிப்போய்விட்டது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.