எல்லோரும் கேதீஸ் ஆன மூன்று மாதங்கள்

பாசத்துக்குரிய தம்பி கேதீஸ்,

முதலில் உம்மை ஏச வேண்டும். அதை முடித்தால்தான் மற்றக் கதை வரும். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள், வாசிகசாலையில் மேசைக்குக் கீழே குனிந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தீர். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. "தம்பி, இது டெங்குவோ தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போம்" என்றேன். "நாளைக்குப் போறன் அக்கா, இதை அரைகுறையிலை விட்டிட்டுப் போக ஏலாது" என்றீர். பிறகு என்ன நடந்தது? எல்லாவற்றையும் அரைகுறையில் விட்டுவிட்டுத்தானே போனீர்? முப்பத்தெட்டு வயது மனிசனுக்கு இந்தப் புத்தி இல்லையா?

நினைவு மலருக்கு உம்மைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் தலைவர் கேட்டார். "நல்லதாய் நாலு வார்த்தை எழுதுங்கோ தவமக்கா. இருபது வரியமாய் வாசிகசாலையைப் பாக்கிறீங்கள், உங்களுக்குத் தெரியாததோ" என்றார். நல்லதாய் எழுத எனக்கு இப்போது மனமில்லை. அதனால் உமக்கே எழுதுகிறேன். மலரில் போடுவதும் கிழித்தெறிவதும் அவர்கள் பாடு.

உம்மைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் தீவில், கரம்பொன்னில், எங்கள் வாசிகசாலையின் பின்னறையில் பதினொரு கணினிகள். ஒன்றும் நாங்கள் வாங்கியதில்லை, வெளிநாட்டில் இருக்கும் ஊராட்கள் தந்தவை. லண்டனில் இருந்து வந்தவை விண்டோஸ். கனடாவில் இருந்து வந்தவை அப்பிள். பாரிஸில் இருந்து வெறும் பெட்டிகளாக வந்தவற்றுக்கு நீர் லினக்ஸ் போட்டீர். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு தகடு: அமரர் கந்தையா ஞாபகார்த்தமாக, அமரர் அன்னம்மா ஞாபகார்த்தமாக.

தகடு போதாதென்று, கணினிக்குள் நுழையும் பெயரும் அதுவாகவே இருக்கவேண்டும் என்று தந்தவர்கள் கேட்டார்கள். நாங்களும் தலையாட்டினோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை கந்தையாவாக நுழைந்து சூரியகுடும்பம் பற்றி எழுதும். அடுத்த நாள் அந்தக் கதிரையில் வேறு யாராவது இருந்தால் பக்கத்துக் கணினியில் அன்னம்மாவாக நுழையும். நேற்று எழுதியது அங்கே இருக்காது. இருந்தாலும் அப்பிளில் எழுதியதை விண்டோஸ் திறக்கமாட்டேன் என்று நிற்கும். பிள்ளை என்னிடம் வந்து அழும்.

நீர் அதை மாற்றினீர். மேசைக்குக் கீழே ஒரு பழைய கறுப்புப் பெட்டியை வைத்து, பிள்ளைகள், பெரியவர்கள், நான் என்று எல்லோருடைய பெயரையும் அதற்குள் பதிந்தீர். ஒவ்வொருவரும் எழுதியது இருக்கும் இடத்தை மேசை இழுப்பறையாக, லாச்சியாக வைத்து எனக்கு விளங்கும்படி சொன்னீர்:

"அக்கா, எந்தக் கொம்பியூட்டரிலை இருந்தாலும் அது இந்தப் பெட்டியைத்தான் கேக்கும், இவர் ஆர் எண்டு. பெட்டி ஓம் எண்டால் அவரின்ரை லாச்சி திறக்கும். லண்டனோ கனடாவோ, லாச்சி ஒண்டுதான். மற்ற ஆக்களின்ரை திறக்காது."

லண்டன் பெட்டியும் கனடாப் பெட்டியும் பாரிஸ் பெட்டியும் ஒரே பிள்ளையை ஒரே பெயரில் அறிந்துகொண்ட அன்றைக்கு நீர் பிளேன்டீயைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டீர். நான் அதற்கும் ஏசினேன்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தீர். யாராவது கடவுச்சொல் அடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவீர். "சின்னப் பிள்ளையெண்டாலும் முகத்தைத் திருப்புங்கோ அக்கா" என்று என்னையும் பழக்கினீர். இந்தத் தீவில் யார் வீட்டில் என்ன கறி என்று மூன்று தெரு ஒழுங்கைக்குத் தெரியும். முகத்தைத் திருப்புகிற மனிசனை நான் உம்மிடம்தான் கண்டேன்.

அதை நம்பித்தான் சுகந்தியை உள்ளே கூட்டிவந்தேன். பெயரும் ஊரும் மலருக்காக நான் மாற்றியவை, யாரென்று உமக்குத் தெரியும். பனையோலை வேலைக்குப் போகிற அந்தப் பிள்ளையை உமக்கு நினைவிருக்கும், பின்னேரம் இரண்டு மணிக்கு, பிள்ளைகள் வருமுன் வந்து மூலைக் கணினியில் இருப்பாள். புருசன் அடிக்கிறவன். புருசனிடம் சீவியச் செலவு கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போடுவதற்காக, எந்த நாளில் என்ன நடந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு துண்டுக் கடதாசி வைத்திருக்க அவளுக்கு வழியில்லை. "பூட்டுத்தானே அக்கா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். "பூட்டு, பிள்ளை. பயப்பிடாமல் எழுது" என்பேன். நீர் போன பிறகும் அதையேதான் சொன்னேன்.

முதல் வருட நினைவான உம்முடைய ஆட்டைத் திவசத்துக்கு உம்முடைய அண்ணன் சிவம் கனடாவில் இருந்து வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. எட்டுப் புதுக் கணினிகள், எட்டுத் தகடுகள், எல்லாவற்றிலும் உம்முடைய பெயர். திரையைத் திறந்தால் மாலை போட்ட உம்முடைய படம். பட்டணத்தில் இருந்து ஒரு கணினி திருத்துநரையும் கூட்டிவந்தார். திருத்துநர் வந்து கறுப்புப் பெட்டியைப் பார்த்தார், "இந்தப் பழசு இனித் தேவையில்லை" என்று வயரைக் கழற்றினார். பழையதும் புதியதுமாகப் பத்தொன்பது கணினிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். பெயரும் கேதீஸ், கடவுச்சொல்லும் கேதீஸ்.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீரா? முன்மண்டபத்தில் வடை பரிமாறிக்கொண்டிருந்தேன். தலைவர் மேடையில் நின்று, "இனி ஒவ்வொரு பிள்ளையும் கேதீஸ்தான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலுக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

பெரிய மனிசர்களுக்கு மூளை எங்கே போனது? உம்மை நினைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, நீர் செய்த ஒரே ஒரு காரியத்தை உம்முடைய படத்துக்கு முன்னாலேயே பிடுங்கி எறிந்தார்கள். அதற்கு மாலை வேறு.

அன்று தொடக்கம் மூன்று மாதம் எல்லோரும் கேதீஸ். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்தார். பிரதேச செயலகத்துக்கு அனுப்ப வைத்திருந்த தலைவருடைய கடிதத்தில் யாரோ அவருடைய பட்டப்பெயரைச் செருகிவிட்டார்கள். அது அப்படியே போய்ச் சேர்ந்தது. யார் செய்தது என்று கணினியில் தேடினார்கள். கணினி என்ன சொல்லும்? கேதீஸ் என்றது. "கேதீஸண்ணைதான் செய்தவர்" என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உயிரோடிருக்கும்போது ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத ஆள், செத்த பிறகு ஊரின் குழப்படி எல்லாவற்றையும் தலையில் சுமக்கவேண்டியிருந்தது.

சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்தத் திருத்துநர், பெட்டியைக் கழற்றுமுன் எங்கள் எல்லோருடைய லாச்சிகளையும் அள்ளி, ‘பொது’ என்ற ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போயிருந்தார். பிறகு கேட்டபோது, "ஒண்டும் துலையக்கூடாதெண்டுதான் செய்தனான்" என்றார். சுகந்தி எழுதியதும் அதற்குள் கிடந்தது. யார் திறந்தார்கள், யார் அச்செடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேதீஸ்தான் திறந்தது, வேறு யார்? அவள் எழுதிய மூன்று பக்கமும் புருசனுடைய தமக்கையின் கைக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் சுகந்தி வாசலில் வந்து நின்றாள். உதடு வீங்கியிருந்தது. உள்ளே வரவில்லை.

"நீங்கள் பூட்டெண்டு சொன்னனீங்கள் அக்கா" என்றாள். திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் வரவில்லை. அவளுடைய தாய் வீடு புங்குடுதீவில். அங்கே போய்விட்டாள் என்று பிறகுதான் அறிந்தேன்.

அன்றைக்கே, கனடாவுக்குத் திரும்பியிருந்த சிவத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே விடிந்ததோ விடியவில்லையோ என்று பார்க்கவில்லை.

"சிவம், நீர் உம்முடைய தம்பிக்குச் செய்தது ஞாபகார்த்தமில்லை, அநியாயம்" என்றேன்.

அவர் பதறிப்போனார். "அக்கா, நான் அவனுக்கு ஒண்டும் செய்யேல்லை. செத்தவீட்டுக்கும் வந்து சேர ஏலாமல் போச்சு. அவன்ரை பேரையெண்டாலும் ஒவ்வொரு நாளும் ஆராவது எழுதட்டும் எண்டுதான்..."

இரக்கம் வந்தது. ஆனாலும் விடவில்லை. பெயர் சொல்லாமல் சுகந்திக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்:

"அவனுக்கும் ஒரு லாச்சி இருந்ததோ அக்கா?"

"ஓம்."

"அதையும் எல்லாரும் பாத்திட்டினமோ?"

"முதல் பாத்ததே அதைத்தான்" என்றேன். தம்பி, இதை உமக்கும் மறைக்க மாட்டேன். கலியாணப் பேச்சுக்கென்று கழுத்துப்பட்டி கட்டி நீர் உம்மையே எடுத்துவைத்த பதினொரு படங்களையும் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ஒன்றிலும் நீர் சிரிக்கவில்லை. எனக்குக்கூடச் சொல்லாத விசயம். பிள்ளைகள் சிரித்தார்கள், நான் அடிக்கக் கை ஓங்கினேன்.

சிவம் அழுதார். பிறகு, "பூட்டுங்கோ அக்கா. தலைவரோடை நான் கதைக்கிறன்" என்றார்.

நான் யாரும் கதைக்கும்வரை காத்திருக்கவில்லை. பெட்டியின் கடவுச்சொல்லை எழுதி அலுமாரியில் நீர் ஒட்டி வைத்த கடித உறையைக் கிழித்து, செய்முறை எல்லாம் குறித்திருந்த உம்முடைய கொப்பியையும் எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே இறங்கினேன். ஐம்பத்தேழு வயதில், முழங்கால் வலியோடு. திருத்துநர் வயரைக் கழற்றினாரே தவிர உள்ளே ஒன்றையும் அழிக்கவில்லை. பெட்டி உறுமிக்கொண்டு எழும்பியது. உறையில் இருந்த கடவுச்சொல்லுக்குத் திறந்தது, பெயர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் கணினிகளில் இருந்து ஒருவரையும் உள்ளே விடமாட்டேன் என்றது. என்னையே விடவில்லை. என்னுடைய கடவுச்சொல்லை ஐந்து தரம் அடித்தேன், பெட்டியையும் ஒரு தரம் அடித்தேன்.

அப்போதுதான் நீர் எப்போதும் சொல்வது நினைவு வந்தது. "கரண்ட் போய் வந்தால் முதல்லை நேரத்தைப் பாருங்கோ அக்கா. நேரம் பிசகினால் ஒருத்தரையும் நம்பாது." பார்த்தேன். உள்ளே இருந்த சின்னப் பற்றரி செத்து, பெட்டியின் திகதி பல வருடம் பின்னால் போயிருந்தது. அந்தத் திகதியில் நீர் உயிரோடு இருந்தீர். இந்த மேசையில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்திருப்பீர்.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டேன். பிறகு நான்தான் அதற்கு இன்றைய திகதியைச் சொன்னேன். உடனே எல்லோரையும் உள்ளே விட்டது.

பழைய பதினொன்றும் ஒரே நாளில் வழிக்கு வந்தன. புதியவற்றில் ஐந்து வந்தன. மூன்று இன்னும் முரண்டு பிடிக்கின்றன, அவற்றை மூடி வைத்திருக்கிறேன். கொப்பியில் அதற்கு ஒன்றும் எழுதவில்லை நீர். ‘பொது’வை வெறுமையாக்கினேன். உம்முடைய லாச்சியில் இருந்தவற்றைத் திறந்து பாராமல் ஒரு பென்ட்ரைவில் போட்டு, உறையில் ஒட்டி, சிவத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

பிறகு பஸ் ஏறிப் புங்குடுதீவுக்குப் போய்ச் சுகந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தாய்தான் தேத்தண்ணி தந்தார். அதற்காக அவளை நான் ஏசவும் இல்லை.

ஆனால் இன்று, இரண்டு மணிக்கு, அவள் வந்தாள். மூலைக் கதிரையில் இருந்தாள். புதுக் கடவுச்சொல் ஒன்றை வைக்கச் சொன்னேன்.

"இது ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"உமக்கு மட்டும்."

"உங்களுக்கு?"

"தெரியாது, பிள்ளை."

கையை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "அப்ப திரும்புங்கோ" என்றாள்.

கையைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினேன். சுவரில் உம்முடைய படம். எனக்குப் பின்னால் அவள் ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக அடிக்கும் சத்தம். முடியுமட்டும் நான் உம்மையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி, இந்தக் கடிதத்தை முடித்தவுடன் அந்தப் பெட்டியில் இருந்தும் கணினிகளில் இருந்தும் கேதீஸ் என்ற பெயரை நீக்கப் போகிறேன். தகடு இருக்கட்டும், படம் இருக்கட்டும். உம்முடைய பெயரில் இனி ஒருவரும் இந்த அறைக்குள் நுழைய மாட்டார்கள். சுகந்தி அடிக்கும்போது நான் ஒரு நாளும் திரும்பிப் பார்க்க மாட்டேன். இது சத்தியம்.

உம்மை இன்னமும் ஏசிக்கொண்டிருக்கும்,
உம்முடைய தவமக்கா