‘முடியாது’ என்பதற்கு நான் சொன்ன பொருள்

பதுளை,
1909 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை.

திருவாங்கூர் மலைநாட்டில், பீர்மேட்டில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் மதிப்புக்குரிய லாம்பர்ட் துரை அவர்களுக்கு,

சலாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வழக்கு முடிந்து இன்றோடு ஐந்து வாரம். தண்டனையில் இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. அந்த எட்டு வாரம் முடியும்வரை சிறையில் பெரியாயி உயிரோடிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஆங்கிலத்தில் எழுத வரும் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தும் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலம் என்றால் காலைத் தேநீரோடு ஒரே மூச்சில் வாசித்து மேசையில் போட்டுவிடுவீர்கள். தமிழை நீங்கள் சொல் சொல்லாக, விரல் வைத்துத்தான் வாசிப்பீர்கள். இதை அப்படித்தான் வாசிக்கவேண்டும்.

நமுனுகுல மலைச் சரிவில் வெள்ளைப்பாறைத் தோட்டத்துக்கு நீங்கள் சின்னத்துரையாக வந்தபோது, தமிழ்ப் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்சியாக என்னை வைத்துக்கொண்டீர்கள். பத்து மாதம், மழை வெயில் பாராமல், ஞாயிறுதோறும் ஏழு மைல் ஏறி வந்தேன். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கோர்ட்டில் மொழிபெயர்க்கும் துபாஷி வேலைக்குப் படித்துத் தேறியவன் நான். இரண்டு தடவை மனுப் போட்டேன். முதல் தடவை, கச்சேரியில் செல்வாக்குள்ள ஒரு முதலியாரின் மருமகனுக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை அந்த மருமகனின் தம்பிக்கு. இருவருக்கும் நான் எழுதும் ஆங்கிலத்தில் பாதிகூட வராது. நாற்பத்தாறு வயதில் மச்சானின் புடவைக் கடையில் துணி அளந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ‘அ, ஆ’.

நீங்கள் சோம்பேறி மாணவர் அல்ல. கறுப்பு அட்டை போட்ட நோட்டில் கேட்ட சொல்லையெல்லாம் எழுதினீர்கள். வாக்கியம் முடியும்வரை பொறுத்திருக்கத்தான் உங்களுக்கு வரவில்லை. தமிழில் ஆமா இல்லையா என்பது கடைசியில்தான் வரும். நீங்கள் பாதியிலேயே தலையாட்டிவிடுவீர்கள். ‘ழ’வும் வரவில்லை. ஒருநாள் மேகம் கறுத்தபோது, “மலை வருது, சீக்கிரம் சீக்கிரம்” என்று கொழுந்து பறிக்கும் பெண்களை விரட்டினீர்களாம். நிரையின் கடைசியிலிருந்து ஒருத்தி, “வரட்டுங்க தொரை, நமுனுகுலயே நடந்து வருதுன்னா நாங்க அதுமேலயே ஏறி வீட்டுக்குப் போயிருவோம்” என்றாளாம். எல்லாரும் ஏன் சிரித்தார்கள் என்று அந்த ஞாயிறு என்னிடம் கேட்டீர்கள். விளக்கியதும் நீங்களும் சிரித்தீர்கள். அவள்தான் பெரியாயி. நினைவிருக்கிறதா?

‘நீங்கள்’ என்ற சொல்லை முதல் மாதமே சொல்லிக்கொடுத்தேன். நோட்டில் அது இருக்கும். ஆனால் என்னைப் பார்த்து ஒருநாளும் அது உங்கள் வாயில் வரவில்லை. ஒரு தடவை துணிந்து கேட்டேன். தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை என்று பெரிய துரை சொல்லியிருப்பதாகச் சொன்னீர்கள். என் மூத்த மகனைவிட இரண்டு வயது பெரியவர் நீங்கள். நீ வா, நீ உட்கார், நீ போ. பத்து மாதம் கேட்டேன். சிரித்த முகத்தோடு கேட்டேன். அதை ஒன்றுவிடாமல் மனதில் சேர்த்து வைத்தேன்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

மார்ச் மாதம் பரீட்சை நெருங்கியது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கும் வா என்றீர்கள். அது எங்கள் ஜும்ஆத் தொழுகை நேரம். “வெள்ளிக்கிழமை முடியாதுங்க” என்றேன். நீங்கள் பென்சிலை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் கேட்டீர்கள்: முடியாது என்றால் இயலவில்லை என்பதா, விருப்பமில்லை என்பதா? பத்து மாதத்தில் நீங்கள் கேட்ட மிக நல்ல கேள்வி அது. அதற்குச் சரியான பதில் என்னிடம் இருந்தது. உடம்போ நேரமோ இடம் கொடுக்காவிட்டால் முடியாது என்பார்கள். மனம் இடம் கொடுக்காவிட்டால் மாட்டேன் என்பார்கள். கோபத்தில் முடியாது என்று மறுப்பவர்களும் உண்டு. அதைக் குரலை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். முடியலை என்றால் அநேகமாக உடம்பு சரியில்லை என்றுதான் பொருள். இவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை.

அதை நான் சொல்லவில்லை. ஒரு துரையிடம், ஒரு தடவையாவது, இல்லை என்று சொன்னவனாக இருக்க ஆசைப்பட்டேன். “வரமாட்டேன் என்று அர்த்தம். அது மறுப்பு” என்றேன். உங்கள் முகம் சிவந்தது. ஆனாலும் நீங்கள் நேர்மையான மாணவர். தலையைக் குனிந்து எழுதினீர்கள். முடியாது, முடியலை: மறுப்பு. நான் சொல்லாத முடியலை என்பதையும் நீங்களாகவே பக்கத்தில் சேர்த்தீர்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திருத்தவில்லை. அன்று மலையிறங்கும் வழியெல்லாம் நான் சந்தோஷமாக நடந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை முதல் வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நடந்ததை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். மறுபக்கம் இது. அதற்குப் பதினெட்டு நாள் முன்னால் பெரியாயிக்கு ஏழு மாதப் பிள்ளை செத்துப் பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. கங்காணி வந்தே தீரவேண்டும் என்றதால் வந்தாள். வந்தவள் நிற்கமுடியாமல் கல்லில் உட்கார்ந்தாள். நீங்கள் குதிரையை நிறுத்தி ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டீர்கள். “முடியலைங்க தொரை.” வேலைக்குப் போவாயா என்று கேட்டீர்கள். “முடியாதுங்க தொரை.” மறுபடி கேட்டீர்கள். அதே பதில். உங்கள் நோட்டின்படி, முந்நூறு பேர் முன்னால் ஒரு கூலிப்பெண் உங்களை மூன்று தடவை மறுத்துவிட்டாள்.

அவள் ஏன் காரணத்தைச் சொல்லவில்லை என்று நீங்கள் பிறகு என்னிடம் கேட்டீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அந்த நோவை ஆண்கள் நடுவில் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. முடியலை என்று சொன்னால், இதற்கு மேலே கேட்காதே, கேட்பதென்றால் ஒரு பெண்ணை அனுப்பிக் கேள் என்று பொருள். தோட்டத்தில் சிறுபிள்ளைக்கும் அது தெரியும். கங்காணிக்கும் தெரியும்; அவள் புருஷன் முருகையாவோடு அவனுக்குப் பழைய பகை இருந்ததால் பேசாமல் நின்றான். உங்களுக்குத் தெரியாதது உங்கள் குற்றமில்லை. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்குத்தான் முன்சி வைப்பது. நீங்கள் கேட்டபோது, இந்தச் சனங்கள் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லி நான் நழுவிவிட்டேன்.

வேலை மறுத்த குற்றத்துக்கு வழக்குப் போட்டீர்கள். அன்று கோர்ட்டுக்கு வந்தால் துபாஷி வேலைக்காக எனக்கு வாக்களித்த சிபாரிசுக் கடிதத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். துபாஷியாயிருந்த அந்தத் தம்பிக்காரர் கொழும்புக்கு மாறிப்போய், இடம் காலியாக இருந்தது. அதனால் அன்று மொழிபெயர்க்க ஆள் இல்லை. நீங்கள் எழுந்து, தமிழ்ப் பரீட்சையில் தேறியவன் நான், நானே கேட்டுச் சொல்கிறேன் என்றீர்கள். மாஜிஸ்திரேட்டுக்கு மிகவும் திருப்தி. இளம் துரைமார் எல்லாரும் இப்படி இருக்கவேண்டும் என்றார்.

வேலைக்குப் போக முடியாது என்று சொன்னாயா என்று அவளைக் கேட்டீர்கள். ‘ழ’ இல்லாத வாக்கியம். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். கடைசியில் யாரோ கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். “ஆமாங்க தொரை. முடியலைன்னுதாங்க மூணு வாட்டியும் சொன்னேன்.”

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். மூன்று மாதம் கடூழியச் சிறை.

நான் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எழுந்தால், இந்தப் பொருளைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். கடிதமும் இன்னும் உங்கள் பையில் இருந்தது. எழவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது என்னைக் கண்டாள். ஞாயிறுதோறும் அவர்கள் குடியிருக்கும் லயத்து வழியாக ஏறிப் போகிறவனல்லவா, முகம் தெரியும். “முன்சி ஐயா, நான் சரியாத்தானேங்க சொன்னேன்?” என்று கேட்டாள்.

“சரியாத்தான் சொன்ன” என்றேன்.

பத்து நிமிடத்துக்குப் பிறகு வெளி விறாந்தையில் உங்கள் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினேன்.

அந்தக் கடிதம் வேலை செய்தது. செப்டம்பர் முதலாம் தேதியிலிருந்து நான் தற்காலிகத் துபாஷி. செய்தி வந்த அன்று என் மனைவி ஹம்ஸியா பழைய கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தாள். “அந்தப் பொம்பளக்கிட்ட சரின்னு சொல்ல வாய் இருந்திச்சி. தொரக்கிட்ட பிழைன்னு சொல்லத்தான் இல்லாமப் போச்சா?” என்றாள். மீதிப் பொத்தானைத் தைக்காமலே கோட்டை மடித்து வைத்துவிட்டாள்.

போன ஞாயிறு முருகையா சிறையில் அவளைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தான். கால் இரண்டும் வீங்கியிருக்கிறதாம். உதடு வெளுத்து, கண் உள்ளே போய்விட்டதாம். இரண்டு நாள் பாயில் படுக்கவிட்டு, மறுபடி கயிறு திரிக்க உட்கார்த்திவிட்டார்களாம். அங்கேயும் அவள் முடியலைங்க என்றுதான் சொல்லியிருப்பாள். என்னிடம் கேட்டுவரச் சொல்லி ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். முருகையா அதை அவள் சொன்னபடியே சொன்னான். “முன்சி ஐயா சரின்னாரே, பொறகு ஏன் உள்ள வச்சாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னா.” துரைக்கு எழுதுகிறேன் என்று சொல்லி அவனை அனுப்பினேன். அதற்குப் பிறகும் ஆறு நாள் எழுதவில்லை.

நான் கேட்பது ஒரு தந்தி. மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புங்கள். நான் அந்தச் சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டேன், அவள் வேலையை மறுக்கவில்லை, உடம்பு முடியாமல் இருந்தாள் என்று சொல்லுங்கள். வழக்குப் போட்டவரே சொன்னால் விடுதலைக்கு மேலிடத்தில் சிபாரிசு செய்யலாம். சட்டம் எனக்குத் தெரியும். முன்சி பிழையாகச் சொல்லிக்கொடுத்தான் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது உண்மை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒப்புக்கொள்வேனா, மறுப்பேனா என்று மட்டும் எனக்கே தெரியவில்லை.

அதிக நம்பிக்கையோடு எழுதவில்லை. பரீட்சையில் தேறிய துரை ஒருவர், எனக்குத் தமிழ் விளங்கவில்லை என்று எழுதிக்கொடுத்ததாக நான் இந்த மலைநாட்டில் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் செய்வீர்களா என்று யோசித்துப் பார்த்தேன். நல்லவர்தான். ஆனால் அந்தப் பரீட்சைச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தீர்கள்.

தந்தி கொடுக்காவிட்டாலும் நோட்டை எடுத்து அந்த வரியை அடித்துவிடுங்கள். பீர்மேட்டிலும் பெண்கள் பெரட்டுக்கு வருவார்கள். அங்கேயும் இதே தமிழ்தான்.

இவ்வளவும் எழுதி நிறுத்தியபோது முருகையா கடை வாசலில் வந்து நின்றான். நான் பேனாவோடு இருப்பதைப் பார்த்து, தொரைக்கா என்று கேட்டான். ஆமாம் என்றேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவில்லை. முடிவில் பேர் போடவேண்டுமா என்று கேட்டான். போடுவது வழக்கம் என்றேன்.

“அப்ப என் பேரப் போடுங்கய்யா. கைநாட்டு வச்சித் தாறேன்” என்றான்.

பெயர் தெரிந்தால் பேர் நீக்கிய துண்டுச் சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்றேன். “அவ இல்லாத லயம் எனக்கு எதுக்குங்க?” என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலை நீட்டினான். நான் மைக்கூட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இந்தத் தாள்களில் ‘நான்’ என்று எழுதியதற்கெல்லாம் கீழே அவன் விரலா பதிவது? வேண்டாம், யார் எழுதியது என்று துரைக்கே விளங்கும் என்றேன். அவன் நம்பினான். நான் சொன்னால் நம்புகிறார்கள். தபால் வண்டி புறப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மலையேறுவானாம். தபாற்கந்தோர்ப் படியில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

துரை அவர்களே, அந்த நாட்டுக் குளிரும் தண்ணீரும் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளட்டும். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். அதில் ஒரு நாளை, ஒரு மணி நேரத்தை, தந்தி ஆபீசுக்குப் போய் வரச் செலவிடுங்கள். மன்றாடிக் கேட்கிறேன்.

இதற்குக் கீழே வரவேண்டிய பெயர் செப்டம்பர் முதலாம் தேதி துபாஷி வேலைப் பதிவேட்டில் ஏறப்போகிற பெயர். பெயரில்லாத தாளை எந்தக் கோர்ட்டும் கையில் எடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்தே மூன்று தடவை பேனாவை மையில் தொட்டேன். மூன்று தடவையும் நிப்பு காய்ந்துபோனது. வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கிறது. கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.