மிச்சப் பக்கங்கள்

புழல் சிறை
4.2.2024

அன்புள்ள ஜானட் அக்காவுக்கு,

தீபன் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் குடித்துவிட்டு பைக்கை ஓட்டியது நான். நின்றிருந்த கன்டெய்னர் லாரியில் மோதியதும், பின்னால் இருந்த உங்கள் தம்பி ஜோவை அப்படியே விட்டு ஓடிப்போனேன். ‘ஜோதான் ஓட்டினான்’ என்று போலீசில் சொன்னதும் நான்தான். கேமராவில் பதிவாகாமல் இருந்திருந்தால் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். மன்னியுங்கள் அக்கா.

இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. பகல் நகரமாட்டேன் என்கிறது.

தங்கள்
தீபன்

ராயபுரம்
15.2.2024

தீபனுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அம்மாவைக் காசிமேட்டில் பார்த்தேன். வஞ்சிரம் விற்றுக்கொண்டிருந்தார். நலம்தான்.

மன்னிப்பைப் பற்றி இப்போது வேண்டாம். பொழுதுபோக ஒரு விண்வெளி நாவல் அனுப்புகிறேன். தலையணை கனம் இருந்ததால் நாலு கட்டாகப் பிரித்துவிட்டேன். இது முதல் இரண்டு. சும்மா ஜாலியாகப் படி.

ஜானட்

புழல்
20.3.2024

அன்புள்ள அக்கா,

இரண்டு கட்டும் முடித்துவிட்டேன். தளபதி ஆரணி, தன் கிரகத்தைக் கொளுத்திய சக்கரவர்த்தியைத் தேடி எழுநூறு கப்பலோடு வியாழனைத் தாண்டிவிட்டாள். மத்தியானத்தில் சத்தமாக வாசிக்கிறேன், பிளாக்கே சுற்றி உட்கார்ந்து கேட்கிறது. அறுபது வயது ஜாபர் பாய் காலையிலேயே வந்துவிடுகிறார். “இன்னா மாமு, அந்தப் பொண்ணு எங்க போய்க்கினு கீது?”

படிக்கும்போது நான் யார், ஏன் இங்கே வந்தேன் என்பதே மறந்துபோகிறது. உள்ளே வந்த பிறகு நேற்றுத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். நீங்கள் தெய்வம் அக்கா.

உங்கள் தம்பி
தீபன்

ராயபுரம்
2.4.2024

தீபனுக்கு,

சிரித்தாய் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.

மூன்றாவது கட்டு இத்துடன். ரசித்துப் படி.

ஜானட்

புழல்
18.5.2024

அன்புள்ள அக்கா,

பதில் இல்லாமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. உடம்பு சரியில்லையா?

ஆரணி சக்கரவர்த்தியின் கப்பலுக்குள் புகுந்துவிட்டாள். கதவு திறக்கிறது. அதோடு தாள் முடிந்துவிட்டது. ஜாபர் பாய் விடமாட்டேன் என்கிறார். “கதவாண்ட யாரு நின்னுகினு கீறாங்க நைனா? பேஜாரா கீதுபா.” எனக்கும் வேறு நினைப்பே இல்லை. தயவுசெய்து கடைசிக் கட்டை அனுப்புங்கள்.

தம்பி
தீபன்

ராயபுரம்
1.6.2024

தீபன்,

கதவுக்குப் பின்னால் யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

அது ஜோவின் புத்தகம். சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்கமாட்டான். அன்று சாயங்காலம் நீ வாசலில் வந்து ஹாரன் அடித்தாய். “வந்து படிச்சிக்கிறேன்கா” என்று பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனான். அந்த மடிப்போடுதான் உன் மூன்றாவது கட்டை வெட்டி நிறுத்தினேன்.

நீ ஓடிய பிறகு நாற்பது நிமிடம் அவனுக்கு உயிர் இருந்தது. அதற்குப் பிறகு, செத்தவன்மேல் பழியும் போட்டாய். இப்போது என்னைத் தெய்வம் என்கிறாய், அவன் இருந்த இடத்தில் உட்கார்ந்து தம்பி என்று கையெழுத்துப் போடுகிறாய்.

மன்னிப்பு கேட்டாய். கிடையாது.

நாலாவது கட்டு வராது. ஏன் வராது என்று ஜாபர் பாயிடம் நீயே சொல். பிளாக்கில் எல்லோரும் கேட்கும்படி, அதையும் சத்தமாகச் சொல்.

வெளியே வந்ததும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பாய். வாங்கு. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரலை வை. ஜோ திருப்பாத பக்கம் அது. முடிந்தால் திருப்பு.

ஜானட்