பம்ப் திருப்பித் தள்ளியது

ஜூன் 14, சனி

"பெருவெடிப்புக்கு முன்னாடி என்னங்க இருந்துச்சு?" கல்யாணமான புதிதில் என் மனைவி ரோசலி கேட்டாள். கேள்வியே தப்பு என்றேன். இயற்பியல் ஆசிரியன் அல்லவா. அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

இன்று ஆவூரிலிருந்து சவரிமுத்து வந்தார். என்னோடு ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவரிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

"யாருக்கும் சரியாத் தெரியாது தங்கச்சி. ஒரு கணக்கு மட்டும் இருக்கு," என்றார். நம் பிரபஞ்சம் இன்னும் பெரிய வெளி ஒன்றில் மிதக்கும் சவ்வாம். முன்பு அது சுருங்கிக்கொண்டே வந்ததாம். ஓர் அளவுக்கு மேல் சுருங்க முடியாமல், எதிர்த்துத் தள்ளி விரியத் தொடங்கியதாம். பிறகு என் சைக்கிள் பம்பை எடுத்து, காற்று வரும் வாயை விரலால் அடைத்து, கைப்பிடியை அவளை அழுத்தச் சொன்னார்.

"அட, திருப்பித் தள்ளுதே அண்ணே."

இருபது வருடம் அந்தப் பம்பை வைத்துத்தான் காற்றழுத்தப் பாடம் நடத்தினேன். அதை அவளிடம் இப்படிக் காட்ட எனக்குத் தோன்றவில்லை.

"காத்து வேற, பிரபஞ்சம் வேற. ஆதாரமும் கெடையாது," என்றேன்.

"தெரியாதுன்னு அண்ணன் மொதல்லயே சொல்லிட்டாருல்ல. நீங்களும் அழுத்திப் பாருங்க."

"எனக்குத் தெரியும்."

அவருக்கு இரண்டாவது காபி வந்தது. எனக்கு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் போன பிறகும் அவள் பம்பை அழுத்தி அழுத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு நாற்பது வருடம் முன்பே எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

பம்ப் கதவோரம் இருக்கிறது. எனக்கே எழுதி வைக்கிறேன்: நாளைக் காலையில் அவள் எதிரில் அதன் வாயை விரலால் அடைத்து, நீயும் ஒரு முறை அழுத்திப் பார்.